நேரடியாகப் பேசுவது எங்கே, சுற்றிப் பேசுவது எங்கே: ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்லும் பொறியாளருக்கு ஒரு பதில்

கோயம்புத்தூரில் எந்திர வடிவமைப்புப் பொறியாளராக இருக்கும் நீங்கள், சில மாதங்களில் ஸ்டுட்கார்ட் அருகிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகப் போவதாகவும், ஜெர்மன் மொழியில் பி1 நிலை (ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் மூன்றாவது) தேறியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் காணொளிக் கூட்டங்களைப் பற்றி, "எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறீர்கள், பிறகு வேலை வந்து சேருவதில்லை" என்று அங்குள்ள குழுத்தலைவர் இருமுறை குறைப்பட்டிருக்கிறார். இதை வைத்து நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. ஜெர்மானியர்கள் முகத்துக்கு நேரே பேசுவார்கள் என்கிறார்களே, நானும் அப்படியே பேசப் பழக வேண்டுமா? அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம்? வேலை இல்லாமல் உடன் வரும் மனைவி என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் அடியில், மொழியைத்தான் படித்துவிட்டேனே, இன்னும் எதை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள், என் சுபாவத்தையா என்ற கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். சுபாவத்தை மாற்ற வேண்டியதில்லை. எந்தச் செய்தியை எந்த இடத்தில், எப்போது, யார் முன்னிலையில் சொல்வது என்பதைத்தான் புதிதாகக் கற்க வேண்டும். அது மொழிப் பாடத்தைவிடச் சிறியது. ஆனால் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காதது.

நான் பயன்பாட்டு மொழியியல் படித்தவன். பல ஆண்டுகள் சென்னையில் ஜெர்மன் கற்பித்துவிட்டு, அதன் பிறகு பாடன்-வுயர்ட்டம்பர்க் மாநிலத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் இடையே பேச்சுப் பயிற்சி நடத்துவதைத் தொழிலாகக் கொண்டவன். என் அனுபவம் முழுவதும் வாகன உதிரிபாகம், எந்திரக் கட்டுமானம் சார்ந்த நிறுவனங்களில் பெற்றது. ஒரு பெர்லின் மென்பொருள் நிறுவனத்துக்கோ, செவிலியர் பணிபுரியும் மருத்துவமனைக்கோ நான் சொல்வதை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். மருத்துவமனையில் நோயாளி, உறவினர், மருத்துவர் என்று பேசும் ஆட்களே வேறு.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இலக்கணம் சரியாக இருந்தும் பேச்சு தவறாகப் போய்ச் சேரலாம் என்பது நன்றாக ஆராயப்பட்ட செய்தி. 1970-களில் லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிலர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்ற பேச்சு எழுந்தது. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் அங்கே நடந்த உரையாடல்களை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தார். இறைச்சித் தட்டை நீட்டும்போது, குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்கு "கிரேவி" என்ற ஒரே சொல்லைத்தான் எல்லாரும் பயன்படுத்தினார்கள். ஆங்கிலேயப் பெண்கள் குரலை ஏற்றிச் சொன்னார்கள், அது கேள்வியாக ஒலித்தது. நம் பக்கத்துப் பெண்கள் குரலை இறக்கிச் சொன்னார்கள். வாங்குபவர் காதில் அது "இதோ குழம்பு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்" என்பதுபோல் விழுந்தது. அந்தப் பெண்களோ, தாங்கள் முறையாகக் கேட்டும் தங்களை வெறுக்கிறார்கள், இது இனப் பாகுபாடு என்று நினைத்திருந்தார்கள். பதிவை இரு தரப்புக்கும் போட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பாகுபாடு உலகில் இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது உண்டு, நீங்களும் சந்திக்கக்கூடும். ஆனால் மோதல் ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் குணமே காரணம் என்ற முடிவுக்குப் போகும் முன், பேச்சின் வடிவத்தை ஒருமுறை சோதிப்பது பயன் தரும்.

1983-இல் ஜென்னி தாமஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய தவறுகளை இரண்டாகப் பிரித்தார். என் தொழிலில் நான் இன்றுவரை நம்பிப் பயன்படுத்தும் பிரிப்பு அது. ஒன்று, சொல்ல வந்த மரியாதை மனத்தில் இருந்தும் அதற்கான வடிவம் அந்த மொழியில் கைவராமல் போவது. மற்றொன்று, இந்தச் சூழலில் எது மரியாதை என்ற கணிப்பே மாறுபடுவது. முதல் வகையைப் பயிற்சியால் விரைவில் சரிசெய்யலாம். தமிழில் நாம் "கதவைத் திற" என்பதைக் "கொஞ்சம் கதவைத் திறங்களேன்" என்று மென்மையாக்குகிறோம். ஜெர்மன் பேச்சில் அந்த வேலையை "மால்", "டொஹ்" போன்ற சின்னஞ்சிறு இடைச்சொற்களும், "முடியுமா" என்பதை இன்னும் தளர்த்திக் கேட்கும் வினை வடிவமும் செய்கின்றன. பி1 தேர்வுக்கு இவற்றை மேலோட்டமாகவே படித்திருப்பீர்கள். இவை இல்லாமல் பேசும் வெளிநாட்டவரின் வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருந்தும் அதட்டலாக ஒலிக்கும். அதேபோல் நம் அலுவலக ஆங்கிலத்தில் பணிவு என்று நினைத்து எழுதும் "டூ த நீட்ஃபுல்" (ஆவன செய்யவும்) மின்னஞ்சலை, அங்குள்ளவர் விவரம் எதுவும் இல்லாத ஒரு கட்டளையாகப் படிப்பார். என்ன வேண்டும், யாரிடமிருந்து, எந்த நாளுக்குள் என்று எழுதிவிட்டால் அதுவே அவருக்கு மரியாதை.

இரண்டாம் வகைதான் உங்கள் கேள்வியின் மையம். அங்கேதான் ஊரில் உலவும் ஒரு பெரிய பொதுமைப்படுத்தலும் குறுக்கே வருகிறது: ஜெர்மானியர் நேரடியாகப் பேசுவர், நாம் சுற்றி வளைத்துப் பேசுவோம். இதற்கு ஆதாரமாக வகுப்புகளில் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல், சூழலை நம்பிச் சொல்லாமல் விடும் பண்பாடுகள், எல்லாவற்றையும் சொல்லில் வைக்கும் பண்பாடுகள் என்று ஒரு வரிசை போட்டு, ஒரு முனையில் ஜப்பானியரையும் மறு முனையில் ஜெர்மன் பேசும் மக்களையும் வைத்தார். அது கூர்மையான அவதானிப்பு. ஆனால் அளந்து பார்த்த முடிவு என்று சொல்ல முடியாது. டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெடெ 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் நிரப்பப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து நாடுகளின் பண்பாட்டுக்கு எண்கள் கொடுத்து, 1980-இல் வெளியிட்டார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து எழுந்துகொண்டே இருக்கிறது. அதைவிட முக்கியமான குறை, ஒரு நாட்டின் சராசரியை வைத்து எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைக் கணிக்க முடியாது என்பது. ஹோஃப்ஸ்டெடெயே இதைச் சொல்லி எச்சரித்திருந்தும், பயிற்சி வகுப்புகளில் திரையிடும் பக்கங்களில் அந்த எச்சரிக்கை மட்டும் காணாமல் போய்விடும்.

இவற்றைவிட உறுதியான ஆதாரம் 1980-களில் யூலியானே ஹவுஸ், காப்ரியேலே காஸ்பர் ஆகியோர் செய்த ஆய்வுகளில் உண்டு. ஒரே சூழலை ஜெர்மானியருக்கும் ஆங்கிலேயருக்கும் கொடுத்து, எப்படி வேண்டுகோள் விடுக்கிறார்கள், எப்படிக் குறை சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஜெர்மானியர் கூடுதல் நேரடியான வடிவங்களைத் தேர்ந்தார்கள். இந்த முடிவு வேண்டுகோளுக்கும் குறை சொல்வதற்கும் உரியது, ஒப்பீடும் ஆங்கிலேயருடன் செய்யப்பட்டது. அதை இழுத்து நம்மோடு ஒட்டக் கூடாது. உங்கள் ஊரோடு இத்துறைக்கு உள்ள ஒரு தொடர்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மரியாதைப் பேச்சைப் பற்றி உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு, பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-இல் வெளியிட்டது. அது மூன்று மொழிகளின் பேச்சை ஆதாரமாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் த்செல்டால், தமிழ். அந்தத் தமிழ்ப் பேச்சை லெவின்சன் பதிவு செய்தது கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். ஒரே ஊருக்குள் யாரிடம் எப்படிக் கேட்பது என்பது உறவு, சாதி, கேட்கப்படும் உதவியின் பாரம் ஆகியவற்றைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்பதை அதில் பார்க்கலாம். "தமிழர் பேச்சு" என்று ஒற்றை வகை எதுவும் அதில் தென்படாது.

ஜெர்மானியர் எங்கும் நேரடியானவர் என்பதை மறுக்க எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. அங்கே வேலையை விட்டு விலகும்போது முதலாளி தரும் பணிச் சான்று, சட்டப்படி உண்மையாகவும் இருக்க வேண்டும், ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுக்காத நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுவதற்காக ஒரு மறைமொழியே வளர்ந்திருக்கிறது. "எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான நிறைவு தந்தார்" என்றால் முதல் தரம். "எப்போதும்" இல்லாமல் "எங்களுக்கு முழு நிறைவு தந்தார்" என்று மட்டும் இருந்தால் அது நடுத்தரம். அது நடுத்தரமே என்று 2014-இல் ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம்கூட ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. "முயற்சி செய்தார்" என்று எழுதியிருந்தால், அவரால் ஒன்றும் முடியவில்லை என்பது பொருள். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கூட இவ்வளவு நாசூக்காக எழுதியிருக்க மாட்டார். இன்னொரு பக்கம் பாருங்கள்: சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் இன்னும் குழந்தை இல்லை, போன தடவை பார்த்ததற்கு உடம்பு போட்டுவிட்டீர்களே என்றெல்லாம் தயங்காமல் கேட்பது நாம். அங்குள்ள சக ஊழியரிடம் சம்பளத்தைக் கேட்டால் அறையில் ஓர் அமைதி நிலவும். ஆக எல்லாச் சமூகத்திலும் நேர்ப்பேச்சுக்கு என்று சில இடங்கள், சுற்றுப்பேச்சுக்கு என்று சில இடங்கள் உண்டு. அந்த இடங்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. நீங்கள் கற்க வேண்டியது அந்த வரைபடத்தை.

இனி உங்கள் குழுத்தலைவரின் குறைக்கு வருகிறேன். இந்தப் பத்தியில் சொல்பவை ஆய்வு முடிவுகள் அல்ல, என் தொழில் அனுபவத்தின் கணிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் பழகிய தமிழ்நாட்டு அலுவலகங்களில் கூட்டம் என்பது பெரும்பாலும், முன்பே பேசி முடித்ததை எல்லார் முன்னிலையிலும் உறுதிப்படுத்தும் இடம். மாற்றுக் கருத்து இருந்தால் மேலதிகாரியைக் கூட்டத்துக்கு முன்போ பின்போ தனியே பார்த்து, "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கிச் சொல்வோம். அவர் முகமும் கெடாது, வேலையும் நடக்கும். நான் பணியாற்றிய ஜெர்மன் தொழிற்கூடங்களில் ஆட்சேபத்துக்கு உரிய இடம் அந்தக் கூட்டமேதான். அங்கே பேசாதிருப்பது சம்மதம். கூட்டத்தின் முடிவுகள் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற பத்தியோடு குறிப்பாக எழுதப்பட்டு அனுப்பப்படும். அந்தக் குறிப்பை நம்பி இன்னொரு துறை அச்சு செய்யக் கொடுத்துவிடும், சோதனைக்கூடத்தில் நேரம் பதிவு செய்துவிடும். இரண்டு நாள் கழித்து நீங்கள் தனியே சென்று அந்தச் சின்ன சந்தேகத்தைச் சொன்னால், அங்கே அது பணிவாகத் தெரியாது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவர் கேள்வியாக இருக்கும்.

அடுத்தது அந்த "ஆம்". நாம் பேச்சின் நடுவே சொல்லும் "ஆம்", "ம்", "ஓகே" எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அடையாளங்கள். கூடவே தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைப்போம். காணொளித் திரையின் சிறு சதுரத்தில் அந்த அசைவு அவருக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும், வாயோ ஆம் என்கிறது. அவர் எதை எடுத்துக்கொள்வார்? ஆம் என்ற சொல்லைத்தான், அதுவும் வாக்குறுதியாக. எனவே நான் சொல்லித்தரும் பழக்கம் இது: ஒரு வேலையைப் பற்றிய பேச்சு முடியும்போது, ஆம் என்று முடிக்காமல் ஒரு முழு வாக்கியத்தால் முடியுங்கள். "தாங்கு தட்டின் வரைபடத்தை வெள்ளிக்குள் தருகிறேன், சுமைக் கணக்கு செவ்வாய்க்குள் கிடைத்தால். கிடைக்காவிட்டால் அடுத்த புதன் ஆகும், அதைச் செவ்வாய் மாலையே தெரிவிக்கிறேன்" என்று சொல்லலாம். இதில் மறுப்பு எதுவும் இல்லை, யார் முகமும் கெடவில்லை, உங்கள் சுபாவமும் மாறவில்லை. ஆனால் அவருக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன: நாள், நிபந்தனை, நிபந்தனை பொய்த்தால் எப்போது தெரியும் என்பது. தாமதம் வரப்போகிறது என்று தெரிந்த அன்றே சொல்வது அங்கே வருந்தத்தக்க செய்தி. கெடு முடிந்த அன்று சொல்வது நம்பிக்கைக் குறைவு. நம் பழக்கத்தில் எப்படியாவது இரவு உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கடைசிவரை சொல்லாமல் இருப்போம். அந்த உழைப்பை அங்கே யாரும் பார்ப்பதில்லை. குழுத்தலைவர் தரப்பிலும் ஒரு தவறு இருக்கக்கூடும். அவர் "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு, வரும் ஆம் என்ற பதிலை நம்பியிருப்பார். "நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும். அவர் கேட்காவிட்டால் நீங்களே முன்வந்து, "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரிபாருங்கள்" என்று தொடங்கலாம்.

பண்பாடு என்று பெரிதாகப் பேசும் வகுப்புகள் தொடாமல் விடும் சில சில்லறைச் சங்கதிகள் உண்டு. நான் பார்த்த குழப்பங்களில் கணிசமானவை அவற்றால் வந்தவை. ஜெர்மானியர் தசமத்துக்குக் காற்புள்ளியும், ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் இடுவார்கள். வரைபடத்தில் 2,5 என்பது இரண்டரை. விலைப்பட்டியலில் 1.250 என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது. கெடுக்களை மாதத் தேதியில் சொல்லாமல் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்று சொல்வார்கள். வாரம் திங்களன்று தொடங்கும். "32-ஆம் வாரம் தருகிறேன்" என்று அவர் சொல்லும்போது நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்காமல் இருக்க, உங்கள் கணினி நாள்காட்டியில் வார எண் தெரியும்படி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். "ஹால்ப் ட்ரை" என்று நேரம் சொன்னால் அது மூன்றரை ஆகாது, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு அது. ஒரு மணி நேரம் தாமதமாகக் கூட்டத்துக்கு வந்த பொறியாளரைப் பற்றி, இந்தியருக்கு நேரம் தவறுவது இயல்பு என்று ஓர் அறை முழுவதும் முடிவுகட்டியதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர் தவறியது எண்களில்.

பாராட்டும் விமர்சனமும் பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் போகும் ஸ்வேபியப் பகுதியில், திட்டாமல் விட்டதே போதுமான பாராட்டு என்ற பொருளில் ஒரு பழமொழியே வழங்குகிறது. உங்கள் வரைபடம் கேள்வியின்றி ஏற்கப்பட்டால் அது நன்றாக இருந்தது என்று கொள்ளுங்கள். குறை வந்தால் அது வரைபடத்தைப் பற்றியது. கூட்டத்தில் காரசாரமாக மறுத்தவர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வாருங்கள் என்று சாதாரணமாக அழைப்பார், அதில் நடிப்பு இல்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு, ஓராண்டுக்குள் அளவுக்கு மீறி முரடாகிவிடும் நம்மவர்களும் உண்டு. வேலையைக் குறை சொல்லும் நேர்ப்பேச்சுக்கு அங்கே சுற்றிலும் வேலி இருக்கிறது: ஆளைக் குறை சொல்வதில்லை, காரணம் இல்லாமல் சொல்வதில்லை, மரியாதை விளி மாறுவதில்லை. இந்த வேலிகளைக் கவனிக்காமல் குரலை மட்டும் பின்பற்றினால், திறமையானவர் ஆனால் உடன் வேலை செய்யக் கடினமானவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

விளி என்றதும், "ஸீ", "டு" இரண்டும் நம் நீங்கள், நீ போலத்தானே என்று தோன்றும். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தமிழில் பெரியவர் நம்மை நீ என்பார், நாம் அவரை நீங்கள் என்போம். அங்கே வயதுவந்தவர்களுக்கு இடையே அது இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். "டு"வுக்கு மாறலாம் என்று முன்மொழியும் உரிமை வயதிலோ பதவியிலோ மூத்தவருக்கு. அவர் சொன்ன பிறகும் மரியாதை கருதி "ஸீ" என்றே தொடர்ந்தால், நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். உடல்நிலை சரியில்லாத நாளில் வேலை தொடங்கும் முன்பே தெரிவித்துவிட வேண்டும். மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்று வேண்டும், நிறுவனம் அதற்கு முன்பேகூடக் கேட்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். என்ன நோய் என்று சொல்லக் கட்டாயம் இல்லை. நம் பழக்கத்தில் வயிற்றுப்போக்கு முதல் எல்லாவற்றையும் விவரித்தால்தான் நம்புவார்கள் என்று எழுதுவோம், அது அங்கே வேண்டாத தகவல்.

முதலில் மகிழ்ச்சி, பிறகு மூன்றாம் மாதம் சரிவு, பிறகு மீட்சி என்று ஒரு வளைகோட்டை உங்களுக்கு யாராவது வரைந்து காட்டக்கூடும். இதை நான் ஐயத்துக்குரியவற்றில் சேர்க்கிறேன். அதன் மூலம், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சுமார் இருநூறு நார்வேக்காரர்களிடம் லிஸ்கார்ட் என்பவர் கேட்டறிந்து 1955-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்களைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்து எழுதியது அல்ல அது. நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களைக் கொலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும் அப்படித் தொடர்ந்து கவனித்தபோது, வந்திறங்கிய நாட்களில்தான் மன அழுத்தம் மிகுந்திருந்தது, ஆரம்ப மகிழ்ச்சி என்ற கட்டமே தென்படவில்லை. 1998-இல் வெளியான முடிவு அது. ஆகவே முதல் வாரமே அழுகை வந்தால் உங்களிடம் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் மாதம் சரிவு வரவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம்.

பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மானியர் இப்படி, இந்தியர் அப்படி என்று நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் ஒருநாள் வகுப்புகளுக்குப் பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நிறுவனம் செலவு செய்தால் போய்வாருங்கள், காபி நன்றாக இருக்கும். உங்கள் சொந்தப் பணம் என்றால் மொழியில் போடுங்கள். பி1-இலிருந்து பி2 வரை செல்லும் தூரத்தில்தான், மறுப்பது, நிபந்தனை வைப்பது, மென்மையாக்குவது ஆகியவற்றுக்கான வடிவங்கள் கைவருகின்றன. சென்னையிலும் உங்கள் ஊரிலும் மாக்ஸ் முல்லர் பவன் வழியே அதற்கு வழியுண்டு. வகுப்பைவிடப் பயன் தருவது, போன முதல் மாதத்திலேயே குழுவுக்கு உள்ளே, ஆனால் உங்கள் மேலதிகாரி அல்லாத ஒருவரைத் தேர்ந்து, கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் அவரோடு பேசுவது. "நான் சரியாகப் பேசினேனா?" என்று கேட்டால் சரியாகத்தான் பேசினீர்கள் என்று சொல்லிவிடுவார். "நான் அந்த அச்சைப் பற்றிச் சொன்னதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? நான் எந்த நாளுக்குள் தருவதாக உங்கள் மனத்தில் இருக்கிறது?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கம்பர்ஸ் ஒலிநாடாவால் செய்ததை நீங்கள் இந்தக் கேள்வியால் செய்துகொள்ளலாம். ஒலிநாடாவை மட்டும் பின்பற்ற வேண்டாம். பொதுவில் நிகழாத பேச்சைப் பேசுபவரின் அனுமதியின்றிப் பதிவது ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நம்மில் பலர் பிறகு கேட்டுப் புரிந்துகொள்ளலாம் என்று கைபேசியில் பதிவை ஓடவிடுகிறார்கள், அதை அங்கே செய்துவிடாதீர்கள்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டிருந்தாலும், அவர் நிலைதான் உங்களுடையதைவிடக் கடினம். உங்களுக்கு அலுவலகம் தினமும் பேச்சுக்கான காரணங்களைக் கொடுக்கும், அவர் அவற்றைத் தேடிப் போக வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கத்து அடுக்ககங்களில் பலவற்றில் படிக்கட்டையும் நடைபாதையையும் முறை வைத்துத் துடைக்கும் "கேர்வோக்கெ" என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. உங்கள் முறை வந்தால் கதவுப் பிடியில் ஓர் அட்டை தொங்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. ஞாயிறன்று சுவரில் ஆணி அடிப்பதும், தெருவிலுள்ள கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் காலிப் போத்தல்களைப் போடுவதும்கூடப் புகாருக்கு இடமாகும். குடிபோன வாரத்திலேயே பக்கத்து வீட்டாரின் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லி, இந்தக் கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை என்ன என்று இருவரும் சேர்ந்து கேட்டுவிடுங்கள். பிறகு நேரும் தவறுகளை அறியாமை என்று எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ் பேச ஆள் கிடைப்பார்களா என்றால், கிடைப்பார்கள். 1983-க்குப் பின் வந்து நிலைத்த இலங்கைத் தமிழர் அந்நாடெங்கும் இருக்கிறார்கள். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளான தமிழாலயங்களும் அவர்கள் நடத்துபவை. அங்கேயும் ஒரு சிறு பண்பாட்டு எல்லை உண்டு என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள். யாழ்ப்பாணத்து மூத்தவர் ஒருவர் அவரை "நீர்" என்று விளித்தால் அதில் குறைவு ஏதும் இல்லை, அவர்கள் பேச்சில் அது இணக்கமான மரியாதை. வந்த காரணத்தை, போரில் இழந்தவற்றை, நாமாகக் கேட்காதிருப்பது நல்லது. ஜெர்மன் கற்க, ஒவ்வொரு நகரத்திலும் இருக்கும் மக்கள் கல்விக்கூடமான ஃபோக்ஸ்ஹோக்ஷூலெ இருக்கிறது. அரசு 2005 முதல் நடத்திவரும் ஒருங்கிணைப்புப் பயிற்சி வழக்கமாக 600 பாடநேரம் மொழியும் 100 பாடநேரம் சட்டம், வரலாறு, சமூகம் பற்றிய பாடமும் கொண்டது, பல ஊர்களில் அதுவும் இந்தக் கல்விக்கூடத்திலேயே நடக்கிறது. அவருடைய குடியிருப்பு அனுமதியின் வகையைப் பொறுத்து அதில் சேரும் உரிமை கிடைக்கும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு முதல்முறை செல்லும்போதே அதற்கான சான்றைக் கேளுங்கள். அது கிடைக்கத் தாமதமானால் அதே கல்விக்கூடத்தின் சாதாரண மாலை வகுப்பு யாருக்கும் திறந்திருக்கும். அவர் ஊரிலிருந்தே ஏ1 முடித்துவிட்டுப் புறப்பட்டால், முதல் வகுப்பிலிருந்தே மற்ற மாணவர்களோடு அவருக்குப் பொதுமொழியாக ஜெர்மன் அமைந்துவிடும்.